விட்டுப்போன ஒரு வரி

பெயரை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்குப் பொன்மலை ஒரு நல்ல உதாரணம். அங்கே பாடுபட்டு உருவாக்கப்படுவது பொன் அல்ல, இரும்பு. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் தொழிற்சாலை 1928-ஆம் வருஷத்தில் திருச்சிராப்பள்ளிக்கு அருகே உள்ள இந்த இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அது முதல் பொன்மலை என்றாலே ரயில், ரயில் என்றாலே பொன்மலை என்று ஆகிவிட்டது. நீலகிரி மலையில் பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்க ஏறுகிறதே, அந்த நீராவி எஞ்சின் ஒரு காலத்தில் சுவிட்ஸர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தது. அதே ஜாதி எஞ்சின்களை இந்த நூற்றாண்டில் நம் தொழிலாளிகள் பொன்மலையிலேயே புதிதாகச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். சுதேசி உணர்ச்சி உள்ள எவருக்கும் நெஞ்சு நிமிரக் கூடிய செய்திதான்.

ஆனால் இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்டது எஞ்சின் அல்ல, ஓர் எண். அந்த எண்ணிடம் போவதற்குப் பொன்மலை வழியாகப் போவதே சுருக்கு வழி.

எஞ்சின் தொழிற்சாலை எதுவானாலும் அங்கே ஒரு தர்மம் உண்டு. ஒரு பாகத்தைச் செய்தவன் எவ்வளவு பெரிய கைகாரனாக இருந்தாலும், இன்னொருவன் அதை அளந்து பார்க்காமல் வண்டியில் பூட்டுவதில்லை. அளப்பவன் அளவுக்கோலை எடுத்ததும், “முப்பது வருஷமாக வேலை செய்கிறேன், என்னையா சந்தேகிக்கிறாய்?” என்று செய்தவன் கோபித்துக்கொள்வதுமில்லை. அளப்பது அவமதிப்பு அல்ல என்பது இருவருக்கும் தெரியும். இந்தத் தர்மத்தை நேயர்கள் சற்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

*

இனி, பல் சக்கரத்தைப் பார்ப்போம். ஒரு வட்டத் தகட்டின் விளிம்பில் சம இடைவெளி விட்டுப் பற்களை வெட்ட வேண்டும். இதற்கு டிவைடிங் ஹெட் என்று ஒரு சாதனம் உண்டு. சாதாரணமாக, அதன் கைப்பிடியை நாற்பது சுற்றுச் சுற்றினால் தகடு ஒரே ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். நாற்பது பற்கள் வேண்டுமா? பல்லுக்கு ஒரு சுற்று. இருபதா? பல்லுக்கு இரண்டு சுற்று. எட்டா? ஐந்து சுற்று. வேலை சுலபமாக நடக்கிறது. ஏழு பற்கள் வேண்டும் என்றால்தான் சங்கடம். ஐந்து சுற்றுச் சுற்றிவிட்டு, மேற்கொண்டு இருபத்தோரு துளை உள்ள வட்டத்தில் பதினைந்து துளைகளை எண்ணித் தள்ள வேண்டும். நாற்பதை எட்டு மீதியின்றி வகுக்கிறது; ஏழு வகுக்கவில்லை. சங்கடமெல்லாம் அவ்வளவுதான்.

ஆகவே எண்களிலும் இரண்டு சுபாவம் உண்டு. சில எண்கள் யாரையும் வாசற்படிக்குள் விடமாட்டா. 7, 11, 13, 17 போன்றவை தம்மையும் ஒன்றையும் தவிர வேறு எதனாலும் வகுபடுவதில்லை. இவற்றைப் பகா எண்கள் என்கிறோம். வேறு சில எண்களோ பெரிய சத்திரங்கள். யார் வந்தாலும் இடம் கொடுக்கும். 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கின்றன. 60 என்ற எண்ணைப் பன்னிரண்டு எண்கள் வகுக்கின்றன.

நம் முன்னோர்களுக்கு இந்தச் சத்திரங்களின் மேல் தனிப் பிரியம் இருந்தது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி, பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷம், ராசி 12, 12 மரக்கால் ஒரு கலம். பங்கு போடுகிறவர்களுக்கு மீதி என்பது தலைவலி. மீதி விழாத எண்ணைத் தேடித்தான் மனிதன் பன்னிரண்டையும் அறுபதையும் பிடித்துக்கொண்டான்.

1957-ஆம் வருஷம் வரையில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பைசா. மொத்தம் 192 பைசா. மூன்று குழந்தைகளுக்கு ஒரு ரூபாயைப் பங்கிட்டால் தலைக்கு ஐந்தணா நாலு பைசா, சண்டை இல்லை. பிறகு நூறு நயா பைசா வந்தது. கணக்கு எழுதுவது சுலபமாயிற்று. ஆனால் மூன்று குழந்தைகளுக்கு ஒரு ரூபாயைச் சமமாகப் பங்கிடுவது அன்றோடு அசாத்தியமாகிவிட்டது. 192-க்குப் பதினான்கு காரணிகள். 100-க்கு ஒன்பதே ஒன்பது.

*

இப்படி அதிகக் காரணிகள் உள்ள எண்களைப் பற்றி உலகத்திலேயே முதன் முதலாக ஆழ்ந்து ஆராய்ச்சி செய்தவர் நம் ராமானுஜன். 1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1912-ல் சென்னைத் துறைமுக ஆபீஸில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தவர். அந்த ஆபீஸில் அவருடைய மேதையை அறிந்து ஆதரித்தவர் ஸ்ரீ எஸ். நாராயண ஐயர். இவர் திருச்சிராப்பள்ளி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் போதித்துவிட்டுத் துறைமுகத்துக்கு வந்தவர். இரவு வேளைகளில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது வழக்கம். ராமானுஜனின் கதையில் திருச்சிராப்பள்ளிக்கும் ஒரு பங்கு உண்டு என்று நாம் உரிமை கொண்டாடலாம்.

ராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729 என்ற வாடகை மோட்டாரின் எண்ணைத்தான் சொல்வார்கள். அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ஒரு நொடியில் பிறந்த பேச்சு. இப்போது நாம் சொல்லப்போவது மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை. 1914-ல் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் போனவர், 1915-ல் லண்டன் கணித சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அறுபது பக்கங்களுக்கு மேல். அந்த ஆராய்ச்சிக்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்குப் பட்டம் அளித்தது.

கட்டுரையின் பொருள் இதுதான்: தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகளைப் பெற்ற எண்ணை ‘மிகுபகு எண்’ என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 ஆகியவை அந்த வரிசையின் தொடக்கம். 72-க்கும் பன்னிரண்டு காரணிகள் உண்டு. ஆனால் அந்தப் பன்னிரண்டை 60 ஏற்கெனவே எட்டிவிட்டபடியால் 72-க்கு ஆசனம் இல்லை. இந்த வரிசை எப்படி வளர்கிறது, அதில் என்ன ஒழுங்கு இருக்கிறது என்று ராமானுஜன் கேட்டார்.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை என்பது முதல் செய்தி. 12 என்பது 2 பெருக்கல் 2 பெருக்கல் 3. இதன் காரணி ஒன்றை உண்டாக்க, 2-ஐச் சேர்க்காமல் விடலாம், ஒரு தடவை சேர்க்கலாம், இரண்டு தடவை சேர்க்கலாம்: மூன்று விதம். 3-ஐச் சேர்க்கலாம், அல்லது விடலாம்: இரண்டு விதம். மூன்று புடைவையும் இரண்டு ரவிக்கையும் உள்ள பெண்மணி ஆறு விதமாக உடுத்திக்கொள்ளலாம் அல்லவா? அதே கணக்குத்தான். ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை தடவை வருகிறதோ அதனுடன் ஒன்றைக் கூட்டி, அப்படிக் கிடைத்தவற்றையெல்லாம் பெருக்கினால் காரணிகளின் தொகை கிடைத்துவிடும்.

இரண்டாவது செய்தி இன்னும் ருசியானது. மிகுபகு எண்ணில் சிறிய பகா எண்கள் அதிகத் தடவையும் பெரியவை குறைந்த தடவையும் வரவேண்டும். 5 மூன்று தடவையும் 3 ஒரு தடவையும் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் காரணிகளின் தொகை மாறாது; எண் மட்டும் சிறியதாகிவிடும். அப்படியானால் முன்னது முதலிலேயே தோற்றுப்போன எண். நடுவில் ஒரு பகா எண்ணை விட்டுவிட்டுப் போவதும் கூடாது. 4, 36 என்ற இரண்டைத் தவிர, மற்ற எல்லா மிகுபகு எண்களிலும் கடைசிப் பகா எண் ஒரே தடவைதான் வரும் என்பதையும் ராமானுஜன் நிரூபித்தார்.

*

இவ்வளவையும் நிரூபித்ததோடு அவர் நிற்கவில்லை. அந்த எண்களை ஒரு பட்டியலாகவே எழுதிக் கட்டுரையில் சேர்த்தார். நூற்றுக்கு மேற்பட்ட எண்கள். கணக்கு யந்திரம் இல்லை, காகிதமும் பென்சிலும்தான். அந்தப் பட்டியலின் கடைசியில் சக்கரவர்த்தியைப் போல வீற்றிருக்கும் எண் இது:

6746328388800

வாயால் சொல்லிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. மூச்சு வாங்கிக்கொண்டு மேலே படிக்கலாம்.

இதை உடைத்தால் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, பிறகு 11, 13, 17, 19, 23 தலைக்கு ஒரு தடவை. மேலே சொன்ன ஒழுங்கு அப்படியே அமைந்திருப்பதைக் காணலாம்: ஆறு, நான்கு, இரண்டு, இரண்டு, அப்புறம் எல்லாம் ஒன்று. 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் இதை மீதியின்றி வகுக்கலாம். 29-தான் முதன் முதலில் முரண்டு பிடிக்கும். காரணிகள் எத்தனை? ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டினால் 7, 5, 3, 3, அப்புறம் ஐந்து 2. பெருக்கினால் 10080.

பத்தாயிரத்து எண்பது! ஒரு வாரத்தில் எத்தனை நிமிஷம் என்று குழந்தைகளைக் கேளுங்கள். 7 நாள், 24 மணி, 60 நிமிஷம். பெருக்கினால் அதே 10080. இந்த இதழ் கைக்கு வந்த நிமிஷத்தில் தொடங்கி, உண்ணாமல் உறங்காமல் நிமிஷத்துக்கு ஒரு காரணியாக எழுதிக்கொண்டே போனால், அடுத்த இதழ் வரும் தறுவாயில் கடைசிக் காரணியை எழுதி முடிக்கலாம். யாரும் முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

*

இப்போது கடைசி எண்ணிலிருந்து 23 என்ற ஒரே ஒரு பகா எண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள். 293318625600 கிடைக்கும், அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இதன் காரணிகள் பாதியாகக் குறைந்து 5040 ஆகும்.

ராமானுஜனின் பட்டியலில் இந்த எண்ணைத் தேடிப் பார்த்தால் அகப்படாது. 195545750400 என்ற எண் இருக்கிறது. அதற்கு 4608 காரணிகள். அதற்கு அடுத்த வரியில் 321253732800 இருக்கிறது. அதற்கு 5376 காரணிகள். நம்முடைய எண்ணோ அளவில் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. 5040 என்பது 4608-ஐவிட அதிகம். அப்படியிருக்க, முதல் வரியிலிருந்து நேராக இரண்டாவது வரிக்குத் தாண்டுவது நியாயம் ஆகாது. இடையில் ஆசனம் பெற வேண்டிய எண் ஒன்று இருந்தே தீர வேண்டும். அந்த எண் இதுதான். ஒரு வரி விட்டுப்போய்விட்டது.

ராமானுஜன் கண்ட சித்தாந்தம் எதுவும் இதனால் அசையவில்லை. அவர் வகுத்த விதிகளைக் கொண்டே விட்டுப்போன வரியைக் கண்டுபிடிக்கலாம். அவருடைய அளவுக்கோலாலேயே அவருடைய பட்டியலை அளந்திருக்கிறோம். ஆனாலும் இந்தச் செய்தியைச் சொன்னால் நம்மவர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். “ராமானுஜனிடமா தவறு காண்பது? வெள்ளைக்காரர்களே கைகூப்பிய மேதை அல்லவா?” என்கிறார்கள். வேறு சிலர், நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை அருளினாள் என்று ராமானுஜனே சொல்லியிருக்கும்போது இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்கிறார்கள்.

தாயாரிடம் ராமானுஜனுக்கு இருந்த பக்தி மெய்யானது. அதை நாம் வணங்குகிறோம். ஆனால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை மறைத்துவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பன்னிரண்டு இலக்கம், பதின்மூன்று இலக்கம் உள்ள எண்களைக் கையால் பெருக்கி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நூறு வரிக்கு மேல் எழுதியிருக்கிறார் அந்த மனிதர். கேம்பிரிட்ஜின் குளிரில், தமக்கு ஒத்த ஆகாரம் கிடைக்காத யுத்த காலத்தில் எழுதியிருக்கிறார். கனவில் வந்த பட்டியலாக இருந்தால் அதில் வரி விட்டுப்போகுமா? விட்டுப்போன அந்த ஒரு வரி, மற்ற வரிகளெல்லாம் உழைப்பால் வந்தவை என்பதற்கு ராமானுஜன் தம்மை அறியாமல் விட்டுச் சென்ற சாட்சி. நெசவாளியின் கைத்தறித் துணியில் ஓர் இழை பிசகியிருந்தால், கை வேலை என்பது அதிலிருந்தே தெரிவதில்லையா?

இதில் நம் குழந்தைகளின் க்ஷேமமும் அடங்கியிருக்கிறது. மேதை என்றால் பிழையே செய்யாதவர் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால், அவர்கள் படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சிலேட்டைக் கையில் எடுக்கமாட்டார்கள். தாங்கள் போட்ட கணக்கு ஒன்று தப்பாகிவிட்டால், தங்களுக்குக் கணக்கு வராது என்று ஓடிவிடுவார்கள். அந்நிய ஆட்சியில் நம்மால் முடியாது என்று பிறர் சொல்லக் கேட்டுக் கேட்டு நம்பினோம். சுதந்திர நாட்டில், நம்மில் ஒருவரால் முடிந்தது என்பதைக்கூடத் தெய்விகம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டு, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அதுவும் அதே நோயின் வேறொரு வடிவம்தான். பொன்மலைத் தொழிலாளி சுவிட்ஸர்லாந்து எஞ்சினைக் கண்டு கும்பிட்டதோடு நின்றிருந்தால், தம் கையால் ஓர் எஞ்சினைச் செய்திருக்க மாட்டார். பிரித்தார், அளந்தார், செய்தார்.

*

விட்டுப்போன எண்ணுக்கு ஒரு தனி அழகு உண்டு. அதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அதன் காரணிகள் 5040. இந்த 5040-ம் ஒரு மிகுபகு எண். அதன் காரணிகள் 60. அதுவும் மிகுபகு எண். அதன் காரணிகள் 12. அதுவும் அப்படியே, காரணிகள் 6. அதுவும் அப்படியே, காரணிகள் 4. பாட்டன், பூட்டன், முப்பாட்டன் என்று ஐந்து தலைமுறை அரச வம்சம்! பட்டியலின் கடைசிச் சக்கரவர்த்திக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அதன் காரணிகள் 10080. அது மிகுபகு எண்தான். ஆனால் 10080-ன் காரணிகள் 72. அங்கே வம்சம் அறுந்துவிடுகிறது.

5040-ன் பெருமை மிகப் பழையது. கிரேக்க ஞானி பிளேட்டோ தாம் கற்பனை செய்த நகரத்துக்கு 5040 குடும்பங்கள் இருக்கட்டும் என்றார். யுத்தமானாலும் வரியானாலும் எத்தனை பிரிவாக வேண்டுமானாலும் மீதியின்றிப் பிரிக்கலாம் என்பதே காரணம். இந்தக் காலத்திலும் அதன் பெருமை குறையவில்லை. 1984-ல் கி ரோபின் என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு விந்தையை நிரூபித்தார். ஓர் எண்ணின் காரணிகளையெல்லாம் கூட்டினால் வரும் தொகைக்கு ஒரு குறிப்பிட்ட எல்லை உண்டு. சில எண்கள் அதை மீறுகின்றன. இதுவரை தெரிந்தவற்றில் கடைசியாக மீறுவது 5040. அதற்கு மேற்பட்ட எந்த எண்ணும் மீறாது என்று காட்டிவிட்டால், 1859 முதல் கணித உலகத்தைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் ரீமான் கருதுகோள் நிரூபணமாகிவிடும். இன்றுவரை யாராலும் முடியவில்லை.

இதிலும் ராமானுஜனின் கை இருக்கிறது. யுத்த காலத்துப் பண முடையினால் லண்டன் சங்கம் அவருடைய கட்டுரை முழுவதையும் அச்சிடவில்லை. மீதிப் பகுதி கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, 1997-ல்தான் ‘ராமானுஜன் ஜர்னல்’ என்ற சஞ்சிகையின் முதல் தொகுதியில் வெளியாயிற்று. ரீமான் கருதுகோளுக்கும் காரணிகளின் கூட்டுத்தொகைக்கும் உள்ள தொடர்பை ராமானுஜன் எழுபது வருஷங்களுக்கு முன்பே தொட்டிருந்தார் என்பது அதிலிருந்து விளங்கியது. அதைப் பதிப்பித்த இருவரில் ஒருவர் அதே ரோபின். பெரியவரின் பட்டறையில் கிடந்த பாகத்தைப் பின்னால் வந்த தொழிலாளி எடுத்துத் துடைத்து, அளந்து, வண்டியில் பூட்டியிருக்கிறார்.

ஆகவே நேயர்களின் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்த வாரம் ஒரு சிறு வேலை. ஒரு சிலேட்டை எடுத்துக்கொள்ளட்டும். 64-ஐ 81-ஆல் பெருக்கட்டும். வந்ததை 25-ஆல், அதை 49-ஆல், பிறகு 11, 13, 17, 19 என்று வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போகட்டும். நடுவில் தப்பு நேர்ந்தால் வெட்கப்பட வேண்டாம். அழித்துவிட்டு மறுபடியும் போடலாம். கடைசியில் 293318625600 வந்து நிற்கும். கும்பகோணத்துப் பிள்ளை ஒருவர் விட்டுச் சென்ற வரியை நம் வீட்டுப் பிள்ளை ஒன்று தன் கையால் எழுதிவிட்டதென்றால், ராமானுஜனுக்கு அதைக் காட்டிலும் நல்ல மாலை வேறு இருக்க முடியாது.